கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம்



குழுக் கூட்டத்தில் சேமிப்பு வாங்கி, தவணை எழுதி, தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் மனசில் இருக்கிற பேச்சு வெளியே வரும். களத்தில் வேலை செய்யும் எங்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் உடனே பையை எடுத்துக்கொண்டு கிளம்ப மாட்டோம். பேரணாம்பட்டு போகிற வழியில் உள்ள ஓர் ஊரில், அப்படி நாங்கள் உட்கார்ந்திருந்தபோது, வீட்டிலேயே ஷூ அப்பர் தைக்கும் ஓர் உறுப்பினர் மெதுவாகச் சொன்னார்.

"மேடம், எம் பொண்ணு இந்த வருசம் எட்டாவது முடிக்குது. கணக்கு சுத்தமா வர்ல. ஒம்பதாவது போயி இன்னா பண்ணப் போவுது? எங்கூட உக்காந்து தைச்சா தெனம் நாலு ஜோடி சேத்து ஆவும்."

சுற்றி இருந்தவர்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். அதில் ஒருவருடைய மகள் ஏற்கெனவே ஷூ கம்பெனி வேனில் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள்.

நாங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டோம். "கணக்குல எது வரலன்னு பாப்பாவக் கேட்டீங்களா அக்கா?"

"எதுன்னா? கணக்குதான்!"

பாப்பாவையும் கூப்பிட்டுக் கேட்டோம். கதவோரம் நின்றுகொண்டு அவளும் அதையே சொன்னாள். "எனக்கு கணக்கே வராது மேடம்."

'உடம்பு சரியில்ல' என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் அந்த ஒரு வார்த்தையை வைத்து மாத்திரை எழுத மாட்டார். எங்கே வலி, எப்போதிருந்து வலி, சாப்பிட்டதும் வலிக்கிறதா என்று கேட்பார். கணக்கு விஷயத்தில் மட்டும் நாம் அதைக் கேட்பதில்லை. மார்க்கைப் பார்க்கிறோம், பெருமூச்சு விடுகிறோம், ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடுகிறோம். எங்கே வலி என்பதைப் பிள்ளையே கண்டுபிடித்துத் தன் வாயால் சொல்வதற்கு ஒரு பழக்கம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறோம்.

கணக்கில் எழுத்து எதற்கு?

ஐந்தாவது வரை கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்று போய்க்கொண்டிருக்கும். தமிழ்நாட்டுப் பாடப் புத்தகத்தில் ஆறாம் வகுப்பு முதல் பருவத்திலேயே இயற்கணிதம் வந்துவிடும். நம் காலத்துப் பெரியவர்கள் இதை அல்ஜீப்ரா என்றும் பீஜகணிதம் என்றும் சொல்வார்கள். எண் இருந்த இடத்தில் எக்ஸ், ஒய் என்று எழுத்து வரும். பெருக்கல் குறியும் எக்ஸ் மாதிரியே இருப்பதால் ஆரம்பத்தில் பிள்ளைகள் திணறுவதில் ஆச்சரியம் இல்லை. அதனால் இந்தக் கட்டுரையில் நாங்கள் எக்ஸுக்குப் பதில் 'க' என்று போடுகிறோம். எந்த எழுத்தைப் போட்டாலும் கணக்கு மாறாது. பழைய இந்தியக் கணித நூல்களில் தெரியாத எண்ணுக்கு கறுப்பு, நீலம், மஞ்சள் என்று நிறத்தின் பெயரைத்தான் வைத்தார்கள்! நம் ஊர் டேனரியில் சாயம் போடுகிறவர்களுக்கு அது சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது நம் வேலையையே எடுத்துக்கொள்வோம். ஒரு வாரத்தில் 30 ஜோடி அப்பர் தைத்தீர்கள். ஏஜெண்ட் ஊசி, நூலுக்கு 40 ரூபாய் பிடித்துக்கொண்டு கையில் 320 ரூபாய் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜோடிக்கு எவ்வளவு போட்டிருக்கிறார்?

நீங்கள் பேனாவைத் தேட மாட்டீர்கள். "320-ஓட அந்த 40-ஐச் சேத்தா 360. அத 30-ஆல வகுத்தா 12 ரூபா" என்று சொல்லிவிடுவீர்கள். அந்தக் கூட்டத்திலும் அப்படித்தான். 'எனக்கு படிப்பு வாசனையே கெடையாது' என்று சொல்லும் உறுப்பினர்தான் முதலில் விடை சொன்னார். பள்ளிக்கூடத்தில் இதையே இப்படி எழுதுவார்கள்:

30க − 40 = 320
30க = 360
க = 12

தெரியாத கூலிதான் 'க'. நடுவில் இருக்கிற சமக்குறி தராசின் முள். ஒரு தட்டில் எதைச் செய்தாலும் அடுத்த தட்டிலும் அதையே செய்ய வேண்டும். நீங்கள் வாயால் 'அந்த 40-ஐச் சேத்தா' என்று சொன்னதுதான் இரண்டாவது வரி.

அந்த ஒரு வரிக்கு ஒரு கதை உண்டு. சுமார் 1200 வருடத்துக்கு முன்னால் பாக்தாத் நகரில் அல்-குவாரிஸ்மி என்ற அறிஞர் எழுதிய கணக்குப் புத்தகத்தின் தலைப்பில் 'அல்-ஜப்ர்' என்ற அரபுச் சொல் வருகிறது. அதிலிருந்துதான் அல்ஜீப்ரா என்ற பெயர் வந்தது. அல்-ஜப்ர் என்றால் உடைந்ததைச் சேர்ப்பது, குறைந்ததை நிரப்புவது. எலும்பு முறிந்தால் சேர்த்துக் கட்டுவதற்கும் அதே சொல்தான். நாம் புத்தூர் கட்டு போட ஓடுகிறோமே, அந்த மாதிரி. 30க-வில் 40 ரூபாய் உடைந்து போயிருக்கிறது. இரண்டு பக்கமும் 40-ஐச் சேர்த்து அதை முழுசாக்குகிறோம். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் உருது மீடியத்தில் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்களிடம் இதைச் சொன்னபோது, "இது நம்ம வார்த்தையா!" என்று சந்தோஷப்பட்டார்கள்.

எட்டாவது பாப்பா போட்ட கணக்கு

அதே கணக்கை நோட்டில் போடச் சொன்னோம். அவள் எழுதியது இது:

30க = 320 − 40
30க = 280

அதற்கு மேல் 280-ஐ 30-ஆல் வகுத்தால் மீதி வருகிறது. பயந்துபோய் நிறுத்திவிட்டாள். முதல் வரியைச் சரியாக அமைத்திருந்தாள். 'க' என்றால் ஒரு ஜோடியின் கூலி என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. தராசின் அடுத்த பக்கம் போகும்போது 40 என்ன ஆக வேண்டும் என்பது ஒன்றில்தான் தடுமாறினாள். பின்னால் இன்னும் நாலு கணக்கு கொடுத்துப் பார்த்தபோது, கழித்தல் குறி இல்லாத இடத்தில் எல்லாம் சரியாகவே போட்டாள்.

அப்படியானால் 'கணக்கே வராது' என்பது எவ்வளவு பெரிய பொய்! அவளுக்கு வராதது கணக்கில் ஒரு சின்ன மூலை. அது அவளுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. ரேங்க் கார்டில் இருக்கும் மார்க்கும் அதைச் சொல்லாது.

எங்கள் மாலை நேர மையத்தில் அடுத்த வாரத்திலிருந்து ஒரு வேலை ஆரம்பித்தோம். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தை ஒவ்வொரு பிள்ளையும் தனக்காக ஒதுக்கிக்கொள்ள வேண்டும். ஒரு பாடம் முடிந்ததும் அதில் மூன்று விஷயம் எழுத வேண்டும். எது புரிந்தது, எந்த வரியில் நின்றுவிட்டேன், அதை யாரிடம் கேட்கப் போகிறேன். பக்கத்தில் ஒரு புள்ளி. தனியாகப் போட வரும் என்றால் பச்சை. யாராவது பக்கத்தில் இருந்தால் வரும் என்றால் மஞ்சள். வரவே இல்லை என்றால் சிவப்பு. ரோட்டு சிக்னல் மாதிரிதான்.

இது எங்கள் மூளையில் உதித்தது இல்லை. இங்கிலாந்தில் பால் பிளாக், டிலன் வில்லியம் என்ற இரண்டு கல்வி ஆராய்ச்சியாளர்கள், பிள்ளைகள் தங்கள் படிப்பைத் தாங்களே மதிப்பிடப் பழகினால் கற்றல் நன்றாக முன்னேறுகிறது என்று 1998-ல் எழுதினார்கள். பிறகு அவர்களோடு சேர்ந்து வேலை செய்த ஆசிரியர்களின் வகுப்புகளில் இந்த மூன்று நிறம் பழக்கத்துக்கு வந்தது. அதற்கும் முன்னால், 1945-ல், ஜார்ஜ் போல்யா என்ற கணித மேதை கணக்கு போட நாலு படி சொன்னார். கேள்வியைப் புரிந்துகொள், வழி யோசி, செய், கடைசியில் திரும்பிப் பார். நாலாவது படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

திரும்பிப் பார்ப்பது ரொம்ப சுலபம். அந்தப் பாப்பா 280 என்று எழுதினாளே, அதை முதல் வரியில் வைத்துப் பார்க்கச் சொன்னோம். 30 ஜோடிக்கு மொத்தக் கூலி 280 என்றால், ஏஜெண்ட் 40 பிடித்த பிறகு கையில் 240-தான் வரும். "ஆனா அம்மாவுக்கு 320 வந்துச்சே!" என்று அவளே சொன்னாள். யாரும் தப்பு என்று சொல்லவில்லை. அவள் கணக்கே அவளிடம் சொன்னது.

நம் மாவட்டத்தில் இருந்த ஏணி

இந்த மாதிரி வேலை நம் பக்கத்துக்குப் புதுசு இல்லை. செயல்வழிக் கற்றல் என்று ஒன்று இருந்தது, நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். வகுப்பில் பாய் விரித்து, தட்டு தட்டாக அட்டைகள் அடுக்கி, சுவரில் ஏணிப் படம் மாட்டியிருப்பார்கள். யானை, முயல் என்று படம் பார்த்து, 'நான் இப்ப இந்தப் படியில இருக்கேன்' என்று பிள்ளையே தன் அட்டையைப் போய் எடுக்கும். ஆந்திராவில் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறை அது. அதைத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தவர் எம்.பி. விஜயகுமார் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி. அவர் முன்பு வேலூரில் கலெக்டராக இருந்தவர். கொத்தடிமையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் சொல்வது என்ற தேடலில்தான் இதற்கு விதை விழுந்தது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து, 2007-08-ல் மாநிலம் முழுவதும் நாலாவது வரைக்கும் வந்தது. 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு சின்ன வகுப்புகளில் கற்பிக்கும் முறை மாறிவிட்டது.

ஏணியில் ஒரு நல்லது இருந்தது. எந்தப் பிள்ளையும் 'எனக்கு கணக்கே வராது' என்று சொல்ல முடியாது. 'நான் பதினாலாவது அட்டையில நிக்கிறேன்' என்றுதான் சொல்ல முடியும். ஆறாவது போனதும் அந்த ஏணி கிடையாது. புத்தகம், கரும்பலகை, பரீட்சை. 2012-13-ல் எட்டாவது வரை முப்பருவ முறை வந்தபோது வகுப்புச் செயல்பாடுகளுக்கு 40, பருவத் தேர்வுக்கு 60 என்று பிரித்தார்கள். பிள்ளை அன்றாடம் செய்வதைப் பார்த்து மார்க் போட வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனால் அந்த 40-ஐயும் ஆசிரியர் போடுகிறார். பிள்ளை தானாகத் தன்னைப் பார்த்துக்கொள்ள இடம் கொஞ்சம்தான்.

தமிழ்நாட்டில் எட்டாவது வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. நாங்கள் அதை ஆதரிக்கிறோம். பெயில் போட்டிருந்தால் நம் பெண் பிள்ளைகளில் பாதிப்பேர் ஆறாவதோடு நின்றிருப்பார்கள். ஆனால் சிவப்புப் புள்ளிகள் வெளியே தெரியாமல் சேர்ந்துகொண்டே போய், ஒன்பதாவதில் மொத்தமாகத் தலையில் விழுகிறது. கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது இரண்டாவது, மூன்றாவது படித்த பிள்ளைகள்தான் 2024, 2025-ல் எட்டாவதுக்கு வந்தார்கள். வாய்ப்பாடும் வகுத்தலும் படிக்க வேண்டிய வருடத்தில் 2021 நவம்பர் வரை அவர்கள் வகுப்பறையைப் பார்க்கவில்லை. எங்கள் மையத்துப் பிள்ளைகளின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினால், இயற்கணிதம் என்று சிவப்பு போட்டிருக்கும் பல இடத்தில் உண்மையான சிக்கல் வகுத்தலாகவோ பின்னமாகவோ இருக்கிறது.

சிவப்பு போட்டதற்கு அடி விழுந்தால்

இங்கே ஒரு விஷயம் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் நாங்களும் தப்பு செய்தோம். முதல் மாதக் கடைசியில் எல்லா நோட்டையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, அம்மா அப்பாவிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி வரச் சொன்னோம். அடுத்த வாரம் வந்து பார்த்தால் எல்லாப் பக்கமும் பச்சைப் பசேல் என்று இருந்தது! ஒரு பையன் சிவப்பின் மேலேயே பச்சை அடித்திருந்தான். விசாரித்தபோதுதான் இரண்டு வீட்டில் அடி விழுந்தது தெரிந்தது.

நம் குழுவிலும் இது நடக்கிறதே. வங்கியிலிருந்து தர மதிப்பீட்டுக்கு வருகிறார்கள் என்றதும், கூட்டம் நடக்காத வாரத்துக்கும் வருகை எழுதி வைக்கும் குழுக்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். கடன் வாங்க மதிப்பெண் வேண்டும் என்ற பயம். ஆனால் மாதாமாதம் நமக்குள் உட்கார்ந்து, 'யார் தவணை நிக்குது, ஏன் நிக்குது' என்று பேசுகிறோமே, அதில் யாரும் பொய் எழுத மாட்டோம். எழுதினால் நம் பணம்தான் போகும். கடைசிப் பக்கம் அந்த இரண்டாவது வகை. அதை மார்க் ஆக்கினால் செத்துவிடும். அதன் பிறகு நோட்டை வீட்டுக்கு அனுப்புவதை நிறுத்தினோம். காட்டுவதா வேண்டாமா என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்தார்கள்.

இன்னொன்று, பிள்ளை போடும் புள்ளியை அப்படியே நம்பவும் முடியாது. சில பையன்கள் தப்பாகப் போட்ட கணக்குக்கும் தைரியமாகப் பச்சை வைக்கிறார்கள். பெண் பிள்ளைகளில் சிலர் விடை சரியாக இருந்தும் மஞ்சள் வைக்கிறார்கள். 'எதுக்கு மஞ்ச?' என்றால், 'டீச்சர் கேட்டா பயமா இருக்கும்' என்கிறார்கள். அதனால் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கணக்கு போட்டு, விடையைத் திரும்ப வைத்துச் சரிபார்த்துக் காட்ட வேண்டும் என்று விதி வைத்தோம். சரிபார்த்த கணக்கைத் தன் கண்ணால் பார்த்த பிறகு, மஞ்சளை அடித்துவிட்டுப் பச்சை போடும் பெண் பிள்ளைகளின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

அம்மாவுக்குக் கணக்கு தெரிய வேண்டுமா?

தெரிய வேண்டியதில்லை. 'நான் கைநாட்டு, எனக்கு எக்ஸும் தெரியாது ஒய்யும் தெரியாது' என்று ஒதுங்க வேண்டாம். தைத்துக்கொண்டே கேட்கலாம். 'எத்தன மார்க்?' என்ற கேள்வியை ஒரு நாள் விட்டுவிட்டு, 'இன்னிக்கு எந்த வரியில நின்ன?' என்று கேளுங்கள். 'எனக்குச் சொல்லிக் குடு' என்று கேளுங்கள். சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அவர்களுக்கே தட்டும்.

ஒரு வீட்டில் பையன் 3 + 4க என்பதை 7க என்று எழுதியிருந்தான். இது எல்லா ஊரிலும் பிள்ளைகள் செய்யும் தப்புதான். அவன் அம்மா தோல் செக்கிங் வேலைக்குப் போகிறவர். அவர் கேட்டது: "3 ரூபாயும் 4 ஜோடி கூலியும் எப்படிடா 7 ஜோடி கூலி ஆவும்? எனக்கு எவனும் அப்படிக் குடுக்கலியே!" அதற்கு மேல் எந்த டீச்சரும் விளக்க வேண்டியதில்லை.

எட்டாவதில் முற்றொருமை என்று ஒன்று வரும். அங்கேயும் தோலே கை கொடுக்கும். பக்கத்துக்கு 7 அங்குலம் உள்ள சதுரத் தோலை, இரண்டு பக்கமும் 5, 2 என்று கோடு போட்டு வெட்டுங்கள். மொத்தம் 49 சதுர அங்குலம். ஆனால் 5-ன் வர்க்கம் 25, 2-ன் வர்க்கம் 4, கூட்டினால் 29-தான். மீதி 20 எங்கே? வெட்டிய தோலில் 5-க்கு 2 என்று இரண்டு பட்டைத் துண்டு கிடக்கும், பாருங்கள். ஒவ்வொன்றும் 10. பிள்ளைகள் விடைத்தாளில் விட்டுவிடுவது அந்த இரண்டு துண்டைத்தான். காகிதத்திலும் வெட்டிப் பார்க்கலாம், ஆனால் தோல் துண்டில் வெட்டியதை எங்கள் பிள்ளைகள் மறக்கவில்லை.

பள்ளியிலும் நமக்கு இடம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். நம் கூட்டமைப்பு உறுப்பினர் பலர் அதில் இருக்கிறீர்கள். கழிவறை, குடிதண்ணீர் பற்றிக் கேட்கிறீர்கள், நல்லது. அதோடு, 'ஆறாவதுலேர்ந்து எட்டாவது வரைக்கும் பசங்க கணக்குல எங்க நிக்கிறாங்க, வாரத்துல ஒரு பீரியடு அதப் பாக்க ஒதுக்க முடியுமா சார்?' என்றும் கேளுங்கள். ஒரே ஆசிரியர் மூன்று வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் பள்ளியில் தினமும் இது முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். சண்டையாகக் கேட்காமல் கூடப் பேசிக் கேட்டால் வழி சொல்வார்கள். சிவப்பு போட்டவர் பக்கத்தில் அதே பாடத்துக்குப் பச்சை போட்டவரை உட்கார வைத்தாலே வேலை பாதி நடக்கிறது.

அந்தப் பாப்பாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டோமே. அவள் அம்மா உடனே சம்மதிக்கவில்லை. மூன்று கூட்டம் பேசினோம். 'ஒரு வருசம் பாக்கலாம்' என்று ஒன்பதாவதுக்கு அனுப்பியிருக்கிறார். சாயங்காலம் மையத்துக்கு வருமுன் அவளும் அம்மாவோடு உட்கார்ந்து ஒரு ஜோடி, இரண்டு ஜோடி தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறாள். அதை நாங்கள் இன்னும் நிறுத்த முடியவில்லை. போன வாரம் அவள் நோட்டைக் கேட்டோம், தானாகவே காட்டினாள். கழித்தல் குறிக்குப் பச்சை. காரணிப்படுத்துதலுக்கு நாலு சிவப்பு, வரிசையாக. பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தாள்: 'ரெண்டு எண்ணும் கூட்டினா நடு எண் வரணும், பெருக்கினா கடைசி எண் வரணும், அது தெரியும். எந்த ரெண்டு எண்ணுன்னு தேட லேட் ஆவுது. வாய்ப்பாடு 12-க்கு மேல தெரியாது. திங்கக்கிழமை அக்காகிட்ட கேக்கணும்.'

திங்கட்கிழமை கேட்டாள். இப்போது 13-ஆம் வாய்ப்பாட்டில் இருக்கிறாள்.